வரைந்துகொண்டே பேட்டி எடுக்கும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்களை நேரில் உட்காரவைத்து வரைவது, வரையும்போதே அவர்களிடம் பேச்சுக் கொடுப்பது, படத்தையும் பேச்சையும் ஒரே பக்கத்தில் சேர்த்துத் தருவது. இதுதான் என் பிழைப்பு. பயிற்சி வகுப்புகளிலும் மின்னஞ்சலிலும் கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவைக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்கள் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

இது ஓவியர் வேலையா, நிருபர் வேலையா? நிஜமாகவே இப்படி ஒரு தொழில் இருக்கிறதா?

இருக்கிறது, பெயர்தான் இன்னும் சரியாக அமையவில்லை. வரைபட நிருபர், காமிக்ஸ் பத்திரிகையாளர், கள ஓவியர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் ஓவியர் என்று சொல்லிக்கொள்கிறேன். பேட்டி எடுப்பவர் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு மேடைத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுகிறார்.

தொழில் புதிதல்ல. 1842இல் லண்டனில் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ என்ற வார இதழ் தொடங்கிய பிறகு, சம்பவம் நடந்த இடத்துக்கே போய் வரைந்து அனுப்பும் ஓவியர்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வின்ஸ்லோ ஹோமர் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ பத்திரிகைக்காகப் படை முகாம்களில் வரைந்தார். 1943 வங்காளப் பஞ்சத்தின்போது ஓவியர் சித்தபிரசாத் மிட்னாப்பூர் மாவட்டத்தில் சுற்றி, பசியில் கிடந்தவர்களை வரைந்து, பார்த்ததையும் கேட்டதையும் கூடவே எழுதினார். அது சிறு புத்தகமாக வந்ததும் ஆங்கிலேய அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. வெறும் படம்தானே என்று அரசு நினைக்கவில்லை பாருங்கள்.

போட்டோ எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் நிதானமாக வரைந்தால் போதாதா?

சில வேலைகளுக்குப் போதும். கட்டடம், வண்டி, இயந்திரம் இதற்கெல்லாம் நானும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்வேன். ஆளை வரையும்போது மட்டும் அது உதவாது. காரணம் படத்தின் தரம் இல்லை.

நிருபரின் நோட்டில் என்ன எழுதப்படுகிறது என்று பேட்டி கொடுப்பவருக்குத் தெரியாது. கேமராவுக்குள் என்ன விழுந்தது என்றும் தெரியாது. ஸ்கெட்ச் புக் மட்டும் திறந்தே கிடக்கிறது. தன்னிடமிருந்து என்ன எடுக்கப்படுகிறது என்பதை அவர் அப்போதே பார்க்கிறார், எட்டிப் பார்த்துத் திருத்துகிறார், "இது எதுக்கு?" என்று கேட்கிறார். இந்தத் தொழிலில் நல்லதாக எனக்குக் கிடைத்தது எல்லாமே இதிலிருந்துதான் வந்தது. கீழே பல பதில்களில் இது திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சுமாராகத்தான் வரைவேன். ஓவியக் கல்லூரியில் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பாலஸ்தீனத்திலும் பொஸ்னியாவிலும் பேட்டி எடுத்து வரைந்த ஜோ சாக்கோ படித்தது இதழியல். சான்பிரான்சிஸ்கோவின் சாதாரண மனிதர்களை வரைந்து அவர்கள் சொன்னதை அப்படியே கையெழுத்தில் எழுதிவைத்த வெண்டி மெக்நாட்டன், ஓவியத்தோடு சமூகப்பணியும் படித்தவர். உட்கார்ந்து கேட்கும் பழக்கம் இருவருக்குமே இருந்தது. கோடு போடப் போடத் திருந்திவிடும். அடுத்தவர் பேசும்போது குறுக்கே விழும் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் திருந்தாது.

ஆனாலும் ஒன்று வேண்டும்: வேகம். பேசுகிற ஆள் அசைந்துகொண்டேதான் இருப்பார். தலையின் சாய்வு, தோள், கை வைத்திருக்கும் விதம் இதெல்லாம் 2 நிமிடத்தில் பக்கத்தில் விழ வேண்டும். பேருந்து நிறுத்தத்திலும் காத்திருப்பு அறையிலும் தினமும் அரை மணி நேரம் வரைந்தால் ஆறு மாதத்தில் கை பழகிவிடும். அழகாக வர வேண்டும் என்று பார்க்காதீர்கள், முடிய வேண்டும் என்று பாருங்கள்.

பையில் என்னென்ன வைத்திருப்பீர்கள்? டேப்லெட்டில் வரையலாமா?

கைக்கடக்கமான ஸ்கெட்ச் புக், தண்ணீர் பட்டாலும் கலையாத இங்க் பேனா இரண்டு, ஒரு பிரஷ் பேனா, சின்ன வாட்டர் கலர் பெட்டி, ஒலிப்பதிவுக்கு போன், சார்ஜ் தீர்ந்துபோனால் ஏற்ற பவர் பேங்க். வண்ணம் பூசுவதென்றால் தாள் 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையக் கூடாது, குறைந்தால் சுருண்டுவிடும். கலையாத இங்க் என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஆரம்பத்தில் ஒருநாள், எல்லாம் வரைந்து முடித்து, வண்ணம் பூசத் தண்ணீரைத் தொட்டவுடன் ஒரு பாட்டியின் முகம் முழுக்கக் கருநீலமாகிவிட்டது. அவரே பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

டேப்லெட் தாராளமாக. ஆனால் அதைச் சாய்த்துப் பிடித்தால் எதிரில் இருப்பவருக்கு அதன் முதுகுதான் தெரியும். ஸ்கெட்ச் புக் திறந்து கிடப்பதில் இருக்கிறது என்று சொன்ன லாபம் போய்விடும். மடியில் தட்டையாக வைத்து வரையுங்கள்.

வரைவதே கஷ்டம். அதோடு கேள்வியும் கேட்டு, பதிலையும் கவனிப்பது எப்படி சாத்தியம்?

மூன்றையும் ஒரே நொடியில் யாரும் செய்வதில்லை. மாறி மாறித்தான் செய்கிறோம், பார்ப்பவருக்கு ஒன்றாகத் தெரிகிறது. கேள்வி கேட்கும்போது பேனாவை எடுத்துவிடுகிறேன், கண்ணைப் பார்த்துக் கேட்கிறேன். பதில் நீளும்போது குனிந்து வரைகிறேன். முக்கியமான இடம் வந்தால் நிமிர்ந்துவிடுவேன். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருப்பதால் சொற்கள் எங்கும் போய்விடாது. நல்ல வாக்கியம் காதில் விழுந்தால், ஓரத்தில் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்வேன்: 14:20, ‘மழை’. பிறகு தேடுவதற்கு அது போதும்.

முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். முகத்தை வெறித்துப் பார்த்தால் யாருக்கும் பேச்சு வராது. கை, கையில் இருக்கும் பொருள், மேசை, செருப்பு என்று சுற்றி வந்து கடைசியில் முகத்துக்குப் போகிறேன். ஒருமுறை வயதான தையல்காரர் ஒருவரிடம் உட்கார்ந்திருந்தேன். 20 நிமிடம் ஆகியும் ‘ஆமாம்’, ‘இல்லை’, ‘ஏதோ ஓடுது’ என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. சரி, பேச்சு வராவிட்டால் போகட்டும் என்று மேசையில் கிடந்த துணி வெட்டும் பெரிய கத்திரியை வரைந்தேன். எட்டிப் பார்த்தவர், "அட, ரெண்டு வளையத்தையும் ஒண்ணா போட்டுட்டீங்களே!" என்றார். மேல் வளையம் கட்டைவிரலுக்கு, சின்னது. கீழ் வளையத்துக்குள் மூன்று நான்கு விரல்கள் போக வேண்டும், அதனால் நீளமானது. கத்திரியை எடுத்து விரல்களை நுழைத்துக் காட்டினார். கட்டைவிரல் கணுவில் பழுப்பாக ஒரு காய்ப்பு. "இது எப்போ வந்தது?" என்று கேட்டேன். பதினான்கு வயதில், முதலாளி தூங்கிய பிறகு பழைய துணிகளை வெட்டிவெட்டிப் பழகியபோது வந்ததாம். அடுத்த ஒரு மணி நேரம் நான் கேள்வியே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு, வேண்டுமென்றே தப்பாக வரையலாமே என்று ஒரு மாணவர் கேட்டார். வேண்டாம். நம்மை அறியாமலேயே போதுமான தப்புகள் வரும்.

என்ன கேள்வி கேட்பது என்றே தெரியவில்லை.

பொருளைக் கேளுங்கள், நாளைக் கேளுங்கள், கருத்தைக் கேட்காதீர்கள். "உங்கள் தொழிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்றால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "இன்று காலை முதல் வேலையாக என்ன செய்தீர்கள்?", "இந்தப் பையில் என்ன இருக்கிறது?", "இந்த நாற்காலி யாருடையது?" என்று கேட்டால் பதிலில் படம் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதானே.

எழுதிவைத்த கேள்விகள் ஐந்து போதும். அதைக் கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

முன்பின் தெரியாதவரிடம் போய் எப்படிக் கேட்பது? எனக்குக் கூச்சம் அதிகம்.

எனக்கும்தான். கூச்சம் உள்ளவர்கள் இந்த வேலைக்கு நிறையப் பேர் வருகிறார்கள், ஏனென்றால் நோட்டு ஒரு சாக்கு. முதலில் கொஞ்ச தூரத்தில் உட்கார்ந்து இடத்தை வரையுங்கள். பத்து நிமிடத்தில் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். அவரிடம் பக்கத்தைக் காட்டுங்கள். அப்புறம், யார், எதற்காக வரைகிறீர்கள், எங்கே வெளியாகும் என்று மூன்றையும் சொல்லி, வரையலாமா என்று கேளுங்கள்.

மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கெஞ்சாதீர்கள். மறுத்தவரைத் தூரத்திலிருந்து திருட்டுத்தனமாக வரைவது அதைவிட மோசம்.

வரைந்தது அவர் மாதிரியே இல்லையே! பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டால்?

கோபிப்பதைவிட வருத்தப்படுவதுதான் அதிகம். "நான் இவ்வளவு குண்டா?" "வயசைக் கூட்டிட்டீங்க." கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவத் தளமான குவாண்டநாமோவில் நடந்த ராணுவ விசாரணைகளை வரைந்த ஜேனட் ஹாம்லினுக்கு 2008இல் இதே பிரச்சினை வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட காலித் ஷேக் முகமது படத்தைப் பார்த்துவிட்டு, மூக்கைப் பெரிதாகப் போட்டிருக்கிறார், திருத்த வேண்டும் என்றார். ஹாம்லின் மூக்கைத் திருத்தினார். அவ்வளவு பெரிய வழக்கில் நின்றவருக்கும் மூக்குதான் கவலை. உங்களிடம் உட்கார்ந்தவருக்கு இருக்காதா?

என் வழக்கம் இது: உண்மையில் தப்பாகப் போட்டிருந்தால், அதாவது மச்சம் இடம் மாறியது, கண்ணாடி வடிவம், கத்திரி வளையம் போன்றவற்றை அங்கேயே திருத்துவேன். இல்லாத முடியை வைக்கச் சொன்னால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவேன். இடையில் நிற்பவை சில உண்டு. பல் விழுந்த வாயோடு வரைய வேண்டாம் என்று ஒரு அம்மா கேட்டார். வாயை மூடிய நிலையில் இன்னொரு படம் வரைந்தேன். அதுவும் பொய் இல்லையே. அவர் வாயை மூடிய நேரமும் உண்டு.

அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டுமா? பேச்சுக் குமிழில் இடமே இருக்காதே?

இருக்காது. என் கணக்குப்படி ஒரு குமிழில் 15 சொற்கள் தாண்டினால் படிப்பவர் படத்தை விட்டுவிடுகிறார். ஒரு மணி நேரப் பேச்சில் 200 சொற்கள்கூடப் பக்கத்துக்கு வராது. அதனால் வெட்டத்தான் வேண்டும். வெட்டலாம், சேர்க்கக் கூடாது. குமிழுக்குள்ளும் மேற்கோள் குறிக்குள்ளும் போவது அவர் வாயிலிருந்து வந்த சொல்லாகவே இருக்க வேண்டும். நான் சுருக்கிச் சொல்வதைக் கட்டத்துக்கு மேலே, வேறு எழுத்து வடிவில், என் குரலில் போடுகிறேன்.

பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். "போட்டுட்டீங்களே" என்றவரை "போட்டுவிட்டீர்களே" என்று பேசவைத்தால் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். அதே சமயம் கேலியாகத் தெரியும்படி ஒவ்வொரு கொச்சையையும் பொறுக்கி வைப்பதும் அசிங்கம். வெளியிடும் முன் அவருடைய வரிகளை அவரிடமே படித்துக்காட்டிவிடுவேன். முழுக் கட்டுரையைக் காட்டச் சில எடிட்டர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவர் சொன்ன வரிகளைச் சரிபார்ப்பதற்கு எந்த எடிட்டரும் இதுவரை மறுத்ததில்லை.

நேரில் பார்க்காத சம்பவத்தை வரையலாமா? அது கற்பனைதானே?

கொஞ்சம் கற்பனைதான். அதை மறைக்காமல் இருப்பதுதான் விஷயம். எழுத்தில் "ராணுவ வீரர்கள் வீட்டுக்குள் வந்தார்கள்" என்று முடித்துவிடலாம். வரைபவர் அப்படித் தப்பிக்க முடியாது. எத்தனை பேர், கதவு எந்தப் பக்கம், விளக்கு எரிந்ததா, காலில் என்ன இருந்தது என்று எல்லாவற்றுக்கும் கோடு போட்டாக வேண்டும். காஸாவில் 1956இல் நடந்த கொலைகளைப் பற்றி ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்துப் பேட்டி எடுத்த சாக்கோ, இப்படிக் கண்ணுக்குத் தெரியும் விவரங்களைத் தனியாகக் கேட்டு வாங்குவதைப் பற்றிப் பேசியிருக்கிறார். சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்பட்ட இடங்களை அவர் ஒட்டுப்போட்டு மறைக்கவில்லை. முரண்படுகிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே காட்டினார்.

எனக்குக் கைகொடுப்பது ஒரு எளிய வழி. சம்பவத்தை முதலில் பென்சிலில் தோராயமாகப் போட்டு, சொன்னவரிடமே கொண்டுபோவேன். "இல்லை, கிணறு இந்தப் பக்கம்" என்பார். கிணற்றை இடம் மாற்றியதும் இன்னும் இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு: நான் போட்ட கதவு அவர் நினைவுக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். அதனால் முதலில் அவரையே ஒரு வரைபடம் கிறுக்கித் தரச் சொல்வது நல்லது. கோணல்மாணலாக இருந்தாலும் அது அவருடைய நினைவு. நேரில் பார்த்து வரைந்ததை இங்க்கிலும், கேட்டு வரைந்ததைப் பென்சில் சாயலிலும் வைக்கிறேன். முதல் பக்கத்தில் ஒரு வரியில் இதைச் சொல்லிவிடுவேன்.

நினைவிலிருந்து வரைவது கேவலம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நீதிமன்றத்துக்குள் வெளியீட்டுக்காகப் படம் வரைவதைத் தடை செய்கிறது. அங்குள்ள நீதிமன்ற ஓவியர்கள் உள்ளே உட்கார்ந்து பார்த்து, குறிப்பு எழுதிக்கொண்டு, வெளியே வந்துதான் வரைகிறார்கள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் அந்தப் படங்களெல்லாம் நினைவிலிருந்து வந்தவை.

இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பார்கள்?

பத்திரிகைகள், இணைய இதழ்கள், பதிப்பகங்கள், தொண்டு நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்கள். கருத்தரங்குகளில் நடக்கும் பேச்சைச் சுவரளவு தாளில் உடனுக்குடன் வரைந்து தரும் வேலையும் உண்டு. அதில் கலை குறைவு, கூலி ஒழுங்கு. மனதுக்குப் பிடித்த வேலைக்கு இதுதான் வாடகை கட்டுகிறது. பிறகு வகுப்பெடுப்பது, அச்சுப் பிரதி விற்பது.

எனக்கு நல்ல வருடத்தில்கூடப் பேட்டி ஓவியத்திலிருந்து வருவது மொத்த வருமானத்தில் பாதியைத் தாண்டியதில்லை. முழுநேர வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: ஒரு வருடச் செலவுக்குக் கையிருப்பும், கூப்பிட்டால் வேலை தரும் இரண்டு இடங்களும் இருந்தால் வாருங்கள். அதற்கு முன் வார இறுதிகளே போதும்.

கூலி எப்படிச் சொல்வது? படத்துக்கா, பக்கத்துக்கா, நாளுக்கா?

பக்கத்துக்குச் சொல்லுங்கள், ஆனால் மணிக்கணக்கு போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு மணி நேரப் பேட்டியின் ஒலிப்பதிவை எழுத்தாக்கித் திருத்தி முடிக்க எனக்கு நாலு மணி நேரம் ஆகிறது. போய்வரும் நேரம், திட்டமிடல், பென்சில், இங்க், எழுத்து, சரிபார்ப்பு எல்லாம் சேர்த்தால் நாலு பக்கக் கதைக்கு எட்டுப் பத்து நாள் ஓடிவிடும். புதிதாக வருபவர்கள் வரையும் நேரத்தை மட்டும் எண்ணிக் கூலி சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: எத்தனை முறை திருத்தம், எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள், எத்தனை காலத்துக்கு, வேலை பாதியில் நின்றால் எவ்வளவு தருவார்கள். ஒரு நிறுவனத்துக்காக நான் வரைந்த முகம் ஒன்று, எனக்குச் சொல்லாமலேயே அடுத்த வருடம் அவர்களுடைய விளம்பரப் பலகையில் ஏறிவிட்டது. காசு போனதுகூடப் பரவாயில்லை. படத்தில் இருந்தவர் போன் செய்து, "நீங்க கட்டுரைக்குன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டார். நல்லவேளை, நான் அவரிடம் சொன்னது அதுதான். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை என்பதுதான் என் தப்பு.

படம் யாருக்குச் சொந்தம்? வரைந்த எனக்கா, உட்கார்ந்த அவருக்கா?

பொதுவாக வரைந்தவருக்கு. ஆனால் ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்னால் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கூலி கொடுத்து உருவப்படம் வரையச் சொன்னவரே அதன் முதல் உரிமையாளர். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊழியராக வேலை பார்க்காதவரை, வரைந்தவர்தான். ஆகவே முந்தின பதிலில் சொன்ன எழுத்து ஒப்பந்தத்தில் இதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி படம் என்னுடையது என்றாலும் முகம் அவருடையது. ஒவ்வொருவருக்கும் நல்ல நகல் ஒன்று கட்டாயம் அனுப்புகிறேன். மூலப் படத்தைக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவேன், ஸ்கேன் எடுத்த பிறகு.

பேட்டி கொடுப்பவருக்குப் பணம் தரலாமா?

செய்திக் கட்டுரை என்றால் தருவதில்லை, பெரும்பாலான பத்திரிகைகள் அனுமதிப்பதும் இல்லை. பணத்துக்கு ஏற்ற மாதிரி கதை மாறும் என்ற பயம். ஆனால் ஒருவரின் அரை நாள் வேலையைக் கெடுத்து உட்காரவைத்தால் அது எனக்கு உறுத்தும். அதனால் அவர் வேலை செய்யும்போதே வரைகிறேன். படத்துக்கும் அதுதான் நல்லது. கண்காட்சி, புத்தகம், விற்பனைக்கு என்றால் கணக்கு வேறு. அங்கே நேரத்துக்குக் கூலி தருவது நியாயம்.

பெயரும் முகமும் தெரியக் கூடாது என்று சொன்னால்?

இங்கேதான் ஓவியம் கேமராவை மிஞ்சும். மங்கலாக்கிய முகம் குற்றவாளியைப் போலத் தெரியும். முதுகையும் கையையும் நிழலையும் வரைந்தால் ஆள் ஆளாகவே இருப்பார்.

ஆனால் முகத்தை மாற்றிவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது மோதிரம் காட்டிக்கொடுத்துவிடும். சுவர்க் கடிகாரம், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், காலைச் சாய்த்து வைக்கும் விதம் எல்லாமே. ‘கவனித்து வரைகிறார்’ என்று பெயர் வாங்கிய கை இங்கே எதிரி. பெயர் மறைக்கும் பேட்டிகளில் முடித்த பக்கத்தை அவரிடமே காட்டி, "உங்களைத் தெரிந்த ஒருவர் இதைப் பார்த்தால் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?" என்று கேட்பேன். ஒருவர் யோசித்துவிட்டு, மேசையில் இருந்த டம்ளரைத் தொட்டுக் காட்டினார். விளிம்பில் ஒரு சொட்டை. அது எனக்கு அழகாகத் தெரிந்ததால் வரைந்திருந்தேன். அழித்துவிட்டேன். மூல ஸ்கெட்சையும் ஒலிப்பதிவையும் கண்ட இடத்தில் போடாமல் பூட்டி வைப்பதையும் மறக்க வேண்டாம்.

ஏஐ வந்துவிட்டதே, இனி இந்த வேலை இருக்குமா?

அலங்காரப் படம் வரையும் வேலை குறைகிறது, அதைப் பூசி மெழுகுவதில் அர்த்தமில்லை. எனக்கே அப்படி இரண்டு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். ஆனால் அந்தத் தையல்காரர் எதிரில் உட்கார்ந்து, வளையத்தைத் தப்பாகப் போட்டு, திட்டு வாங்கிய ஒருவர் வேண்டுமே. அந்த வேலைக்கு இன்னும் கூப்பிடுகிறார்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்க நானும் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன், வழக்குப் பேச்சில் அது அடிக்கும் கூத்தைத் திருத்துவதற்கு இன்னும் நேரம் ஆகிறது.

அவர் அழ ஆரம்பித்துவிட்டார். வரைந்துகொண்டே இருப்பதா, நிறுத்துவதா?

நிறுத்திவிடுவேன், இப்போது. முன்பு நிறுத்தவில்லை. மகனை இழந்த ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். நான் குனிந்து அவர் கையை வரைந்துகொண்டிருந்ததால் அவர் அழுவதை முதலில் கவனிக்கவில்லை. கவனித்த பிறகும் கை ஓடியது. பழக்கம். கண்ணைத் துடைத்துவிட்டு அவர் பக்கத்தைப் பார்த்தார். குனிந்த தலையும் முகத்தை மூடிய கையும் அதில் இருந்தன. "இதையுமா?" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பக்கம் திறந்து கிடப்பது லாபம் என்று மேலே சொன்னேன். அதன் மறுபக்கம் இது. அந்தப் பக்கத்தைக் கிழித்து அவரிடமே கொடுத்தேன். இப்போது குரல் மாறும்போதே பேனாவை மூடி வைத்துவிடுகிறேன், ஒலிப்பதிவையும் நிறுத்தட்டுமா என்று கேட்கிறேன். சிலர், "இல்லை, வரையுங்கள், யாராவது பார்க்கட்டும்" என்று சொல்வதும் உண்டு. அப்போது வரைகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு நினைவிலிருந்து வரையலாமா என்று கேட்பவர்களுக்கு: அனுமதி கிடைக்காத கணத்தை வீட்டில் வரைந்தாலும் அது அனுமதி இல்லாததுதான்.

எல்லாம் வெளியான பிறகு, "என் படத்தை எடுத்துவிடுங்கள்" என்று கேட்டால்?

அச்சில் வந்ததை எடுக்க முடியாது. இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் இருந்தால் முதலில் காரணம் கேட்பேன். ஆபத்து, வேலை, குடும்பம் என்றால் எடிட்டரிடம் பேசி எடுக்கவைப்பேன். சொன்னது இப்போது சங்கடமாக இருக்கிறது என்பது மட்டும் காரணமானால், அதுவும் அதிகாரத்தில் இருப்பவர் என்றால், எடுப்பதில்லை.

இரண்டுக்கும் நடுவில் வருபவைதான் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு பெண் இரண்டு வருடம் கழித்து எழுதினார்: அந்தத் தொழிலை விட்டுவிட்டேன், அந்த ஆள் நான் இல்லை, தேடினால் அந்தப் படம்தான் முதலில் வருகிறது. ஆபத்து எதுவும் இல்லை, சொன்னதில் பொய்யும் இல்லை. எடிட்டர் எடுக்க விரும்பவில்லை. கடைசியில் பெயரை நீக்கி, படத்தில் முகம் இருந்த கட்டத்துக்குப் பதில் அவருடைய வேலை மேசையை மட்டும் வரைந்து கொடுத்தேன். மேசையை வரைய ஞாபகம் போதவில்லை. அவரிடமே கேட்டேன். இழுப்பறை எத்தனை, விளக்கு எந்தப் பக்கம் என்று அரை மணி நேரம் போனில் சொன்னார்.